கத்தரிக்காய்க்கு என்ன கலர்?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆணி ஜாஸ்தின்னு சொன்னா நம்பவா போறீங்க? அதனால உண்மையையே சொல்லிடறேன். ஒரு கத்தரிக்காய்தான் காரணம். சுண்டுவிரல் நகம் அளவு கத்தரிக்காய். அதுக்கு எந்தக் கலரை எப்படிப் போடறதுங்கறதுலயே மூணு வருஷம் ஓடிப்போச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க அம்மா வீட்டுக் கொலுவுல செட்டியார் கடைதான் ஹீரோ. தொந்தியும் சிரிப்புமா செட்டியார், பக்கத்துல செட்டியாரம்மா, முன்னாடி குட்டிக் குட்டித் தட்டுல அரிசி, பருப்பு, மிளகு எல்லாம் நிஜமானது. ஆனா காய்கறி? நிஜக் காய் அந்த சைஸுல எங்க கிடைக்கும்? அதனால நான் நாலாவது படிக்கும்போது அம்மா காகிதக் கூழ்ல கத்தரிக்காய், தக்காளி, பூசணிக்காய், வாழைத்தார் எல்லாம் பண்ணி, போஸ்டர் கலர் அடிச்சு அடுக்கினாங்க. தெருவுல இருக்கற மாமிங்க எல்லாம் சுண்டல் வாங்கறதுக்கு முன்னாடி அந்தத் தட்டைத்தான் குனிஞ்சு பாப்பாங்க.

2021-ல பரண்லேருந்து பெட்டியை இறக்கினா, செட்டியார் பத்திரம், காய்கறியை எலி தின்னுடுச்சு. கூழுக்கு அம்மா வெந்தயம் அரைச்சு சேர்த்திருந்தாங்களாம், எலிக்கு ருசியா இருந்திருக்கு! "போனாப் போகுது, அரிசி பருப்பு இருக்கே"ன்னு அம்மா சாதாரணமாத்தான் சொன்னாங்க. ஆனா காலித் தட்டு எல்லாத்தையும் கழுவித் துடைச்சு அதே இடத்துல அதே வரிசையில வெச்சுட்டாங்க. ஒன்பது நாளும் அது என் கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

"நான் செஞ்சு தரேம்மா. எலியே தொடாத சாமான்ல செஞ்சு தரேன்"னு வாய் விட்டேன். அப்பத்தான் நான் பாலிமர் கிளேல கம்மல் பண்ணக் கத்துக்கிட்டிருந்த நேரம். தோடு நாலு பண்ணினதும் நமக்கு மயன் நினைப்பு வந்துடும்ல!

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: பாலிமர் கிளேன்னா பேர்லதான் களிமண். மண்ணும் கிடையாது, தண்ணியும் கிடையாது. பி.வி.சி. பொடியை பிளாஸ்டிசைசர்னு ஒரு எண்ணெய் மாதிரி திரவத்துல குழைச்சு, கலர்ப்பொடி சேர்த்தது. வெயில்ல காயாது. பாக்கெட்ல போட்டிருக்கற சூட்டுல, கம்பெனியைப் பொறுத்து 110-லேருந்து 130 டிகிரி செல்சியஸ், அரை மணி மாதிரி சுட்டா பொடி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கெட்டியாயிடும். இதுல பேர்போன ஃபிமோ ஜெர்மனியில பொம்மை செய்யறவங்க குடும்பத்துலேருந்து வந்தது. கேத்தே க்ரூஸேன்னு பெரிய பொம்மைக்காரம்மா, அவங்க பொண்ணு சோஃபிக்கு வீட்டுல செல்லப்பேர் ஃபிஃபி. அந்த ஃபிஃபியிலேருந்துதான் ஃபிமோங்கற பேரே. ஆக, கொலுப்படிக்கு இது அந்நியம் இல்லை, பொம்மை வீட்டுச் சொந்தம்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

2022-ல முதல் செட். இங்கதான் சிக்கனத் திலகமா மாறினேன். ஒவ்வொரு கலர்லயும் கிளே வாங்கினா காசு எகிறும். வெள்ளை மட்டும் ரெண்டு பாக்கெட் வாங்கி, எல்லாக் காயையும் வெள்ளையிலயே உருட்டி, சுட்டு, மேல அக்ரிலிக் பெயிண்ட் அடிச்சேன். அதுவரைக்கும் தப்பில்லை. கத்தரிக்காய்க்கும் தக்காளிக்கும் பளபளப்பு வேணுமே? டிரெஸ்ஸிங் டேபிள்ல கலரில்லாத நெயில் பாலிஷ் இருந்துச்சு. ஒரே ஒரு கோட். ஆஹா! அப்பத்தான் தோட்டத்துலேருந்து பறிச்சாப்பல ஒரு மினுமினுப்பு. ரங்கமணியே டிவியை விட்டுட்டு எட்டிப் பாத்து, "பரவாயில்லையே"ன்னார்னா பாத்துக்கோங்க. அம்மாவுக்கு அந்தக் கொலு முழுக்க வாய் கொள்ளாத சிரிப்பு. முடிஞ்சதும் வழக்கம்போல ஒவ்வொண்ணையும் பேப்பர்ல சுத்திப் பெட்டியில போட்டு, பரண்ல ஏத்தியாச்சு.

2023 கொலுவுக்கு நான் திருச்சி போய்ச் சேரும்போது அம்மா படி கட்டி பொம்மை எல்லாம் வெச்சு முடிச்சிருந்தாங்க. செட்டியார் கடையைப் பாத்தேன். ஏதோ சரியில்லை. போன வருஷம் கத்தரிக்காயைக் குவியலா போட்டிருந்தோம், இப்ப ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி எல்லாம் ஒரே பக்கம் பாத்து வரிசையா நிக்குது. ஒண்ணை எடுத்தேன். 'சப்'புனு தட்டுலேருந்து பிரிஞ்சு வந்துச்சு. திருப்பிப் பாத்தா முதுகு முழுக்கப் பேப்பர் ஒட்டியிருக்கு. பேப்பர் உரிஞ்ச இடத்துல கறுப்பு மையில குட்டிக் குட்டி எழுத்து, கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி. தக்காளி மேல பாதி விளம்பரமே இருந்துச்சு. அவ்வ்வ்வ்...

"முன்பக்கம் நல்லாத்தானேடி இருக்கு. யாரு திருப்பிப் பாக்கப் போறா?"ன்னாங்க அம்மா. அப்பதான் அவங்க விரலைப் பாத்தேன். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. நான் வர்றதுக்கு முந்தின நாள் மத்தியானம் முழுக்க உக்காந்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டுப் பேப்பரை நகத்தால சுரண்டியிருக்காங்க. போகாத பக்கத்தைப் பின்னாடி திருப்பி வெச்சுட்டாங்க. எனக்கு ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லலை.

அன்னிக்கு வாங்கின பல்புதான் என்னை ஒரு வருஷம் படிக்க வெச்சுது. புரிஞ்சது இதுதான்: இந்தக் கிளே சுட்டதுக்கு அப்புறமும் சும்மா இருக்காது. அந்த பிளாஸ்டிசைசர் உள்ளேயேதான் இருக்கு. நெயில் பாலிஷ்ல இருக்கற அசிட்டேட் மாதிரி கரைப்பான்கள் பி.வி.சி.யை இளக்கிடும். போட்ட அன்னிக்குக் கண்ணாடி மாதிரி காயும், மாசக்கணக்குல மெதுவா பிசுபிசுக்கும். ஸ்ப்ரே பெயிண்ட், எனாமல் பெயிண்ட்ல பலதும் இதே கேஸ்தான். அதனால கலர் கடையில பாட்டிலைத் தூக்கி "அழகா இருக்கா"ன்னு பாக்கறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "இது இந்தக் கிளேயோட ஒரு வருஷம் குடித்தனம் பண்ணுமா?" பாதிக் கல்யாணமும் இந்தக் கேள்வியைக் கேக்காமதான் நடக்குது, அதை விடுங்க.

அப்புறம் ஒவ்வொண்ணா ஆராய்ச்சி. நான் எரிச்ச காசு உங்களுக்காவது பிரயோஜனப்படட்டும்.

அக்ரிலிக்: தண்ணி கலந்த பெயிண்ட், அதனால பெரும்பாலும் சமர்த்து. ஆனா சுட்ட பிறகு மேல அடிக்கறதுக்கு மட்டும்தான். சுட்ட காயை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால ஒரு தடவை துடைச்சுட்டா கை எண்ணெய் போய், பெயிண்ட் நல்லாப் பிடிக்கும். மெல்லிசா ரெண்டு கோட். பச்சைக் கிளேயோட ஈர அக்ரிலிக்கைப் பிசையாதீங்க. உள்ள மாட்டின தண்ணி சூட்டுல ஆவியாகி, பூரி மாதிரி கொப்புளம் கிளம்பும். (பிசைஞ்சு பாத்தேன். பூசணிக்காய்க்கு அம்மை வார்த்தாப்பல ஆச்சு.) ஃபுட் கலரும் இதே காரணத்தால அவுட்.

ஆயில் பெயிண்ட்: கிளேக்குள்ள கலந்து பிசையறதுக்கு இது நல்லா ஒத்துப்போகுது. எண்ணெயும் எண்ணெயும் சேர்ந்துக்கும். ஆனா குண்டூசித் தலை அளவுதான். கூடிப்போச்சுன்னா கிளே அல்வா மாதிரி ஆயிடும், கையில நிக்காது.

சாக் பேஸ்டல்: என் செல்லக்குட்டி! பிளேடால சுரண்டிப் பொடியாக்கி, காய்ஞ்ச பிரஷ்ல தொட்டு, சுடறதுக்கு முன்னாடி கிளே மேல தடவணும். பச்சைக் கிளேல லேசான பசை இருக்கும், பொடி அப்படியே ஒட்டிக்கும். தோசையோட முறுகல், வாழைப்பழத்துக் காம்புப் பச்சை, மாம்பழக் கன்னத்துச் சிவப்பு, எல்லாம் இதுதான். பெயிண்ட் அடிச்சா வேஷம் போட்ட மாதிரி இருக்கும், பொடி தடவினா பழுத்த மாதிரி இருக்கும். எண்ணெய்ப் பேஸ்டல் வேற சாமான், குழப்பிக்காதீங்க. பொடி வேலை பண்ணும்போது மூக்குல மாஸ்க் அவசியம்.

மைக்கா பொடி: பித்தளைக் குடம், வெள்ளித் தட்டுக்கெல்லாம். பச்சைக் கிளே மேல விரலால தேய்ச்சு, சுட்டு, மேல வார்னிஷ் போட்டா பித்தளையேதான்.

ஆல்கஹால் இங்க்: ட்ரான்ஸ்லூசன்ட் கிளேல ஒரு சொட்டு விட்டுப் பிசைஞ்சா திராட்சை, நெல்லிக்காய் எல்லாம் உள்ளேருந்து வெளிச்சம் வர்ற மாதிரி இருக்கும். இங்க் நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் பிசையணும், சுடணும். சில கலர் வெயில்ல வெளுக்கும், ஜன்னலோரம் வேண்டாம்.

மஞ்சப்பொடி: இது அம்மாவோட ஐடியா. "வீட்டுலயே இருக்கு, காசு கொடுத்து மஞ்சக்கலர் வாங்கறியே"ன்னாங்க. பிசைஞ்சு சுட்டேன், சூப்பர் எலுமிச்சம்பழம். ஜன்னல்ல வெச்சேன். நாள் ஆக ஆக வெளுத்துக்கிட்டே வந்துச்சு. வெள்ளைச் சட்டையில பட்ட மஞ்சக்கறையை வெயில்ல போட்டா போயிடும்னு தெரிஞ்ச எனக்கு, இது தோணலை பாருங்க!

பளபளப்புக்கு? தண்ணி கலந்த பாலியூரித்தேன் வார்னிஷ். அவ்வளவுதான். நெயில் பாலிஷை நகத்துக்கே விட்டுடுங்க.

இதுக்கெல்லாம் மேல ஒரு பாடம்: முடிஞ்சவரைக்கும் கலர் கிளேக்குள்ளயே இருக்கட்டும், மேல இருக்க வேண்டாம். உள்ள இருக்கற கலர் உரியாது, ஒட்டாது, எலி கடிச்சாக்கூட உள்ளேயும் கத்தரிக்காய் கலர்தான்.

2024 மே மாசம் அம்மா எங்ககூட இருக்க ஒரு மாசம் சென்னை வந்தாங்க. ரெண்டு பேருமா உக்காந்து ரெண்டாவது செட்டை ஆரம்பிச்சோம். இந்தத் தடவை கலர்க் கிளேயே வாங்கிட்டேன், சிக்கனம் ஒழிக. கலவைக்கு எங்க அளவு என்ன தெரியுமா? கடுகு, மிளகு, பட்டாணி! வெள்ளைப் பூண்டுக்கு: ட்ரான்ஸ்லூசன்ட் ரெண்டு பட்டாணி, வெள்ளை ஒரு பட்டாணி, பழுப்பு அரைக் கடுகு. வெறும் வெள்ளையில பண்ணினா சாக்பீஸ் மாதிரி செத்துப்போய் இருக்கும். தக்காளிக்கு: சிவப்பு மூணு பட்டாணி, ஆரஞ்சு ஒரு மிளகு, ட்ரான்ஸ்லூசன்ட் ஒரு பட்டாணி. ஒவ்வொரு கலவையிலயும் சட்டைப் பட்டன் மாதிரி ஒரு வில்லை தட்டி, நம்பர் கீறி, சுட்டுப் பாத்துட்டுத்தான் காய் உருட்டறது. ஏன்னா சுட்டதும் சில கலர் ஒரு படி கருக்கும், ட்ரான்ஸ்லூசன்ட் கலந்தது நிறமே மாறும். அதுக்குன்னே தனியா ஒரு பழைய ஓ.டி.ஜி., உள்ள ஒரு அவன் தெர்மாமீட்டர். (அவன்னா அடுப்பு அவன். ரங்கமணிக்கு தெர்மாமீட்டர் வெக்கலை.) அடுப்புத் திருகுல 130-ன்னு வெச்சா உள்ள 150 காட்டிச்சு! வெள்ளைப் பூண்டு ஏன் எனக்கு மட்டும் டீ குடிச்ச மாதிரி வருதுன்னு அன்னிக்குத்தான் விளங்குச்சு.

கத்தரிக்காய்க்கு வந்தோம். வயலட் ரெண்டு பட்டாணி, சிவப்பு ஒரு மிளகு, கறுப்பு ஒரு கடுகு. வில்லை சுட்டு நீட்டினேன்.

"மங்கலா இருக்கேடி. இன்னும் கொஞ்சம் நீலம் போடு."

போட்டேன்.

"இன்னும் கொஞ்சம்."

போட்டேன். எனக்கு அது கத்தரிக்காயாவே தெரியலை. ட்யூப்லைட்டுல பாக்கறதால இருக்கும்னு பால்கனி வெளிச்சத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அங்கயும் அதேதான். ஏழாவது வில்லையில, "ஆங், இதுதான் கத்தரிக்காய்"னாங்க. அவங்க கடை, அவங்க காய். முதல் செட்டுல நான் பண்ணின பாவத்துக்கு, இதுல அவங்க சொல்றதுதான் சட்டம்னு அதே ஏழாம் நம்பர்லயே பன்னிரண்டு கத்தரிக்காய் உருட்டி, காம்பு வெச்சு, சுட்டு, வார்னிஷ் போட்டுக் கொடுத்துட்டேன்.

2025 மார்ச்சுல அம்மாவுக்கு வலது கண்ணுல புரை ஆபரேஷன் ஆச்சு. எப்படித் தெரிஞ்சுதுங்கறீங்க? நான் கண்டுபிடிக்கலை. பக்கத்து வீட்டுப் பையன், "பாட்டி கோலப்பொடின்னு நினைச்சு ரவையில கோலம் போட்டாங்க"ன்னு ஃபோன்ல சிரிச்சான். அப்புறம்தான் அம்மாவைக் குடைஞ்சு கேட்டதுல, ஒண்ணரை வருஷமா எல்லாம் மங்கலாத்தான் தெரியுதாம். "வயசானா அப்படித்தானே இருக்கும், உன்கிட்ட சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வருவே"ன்னாங்க. ஒட்டின பக்கத்தைப் பின்னாடி திருப்பி வெக்கறது அவங்களுக்குக் கைவந்த கலை.

போன வருஷம், அதான் 2025 கொலுவுக்கு, பெட்டி திறக்கறதுக்கு முன்னாடியே போய் உக்காந்துட்டேன். "நான் வராம பேப்பரைப் பிரிக்கக் கூடாது"ன்னு ஆர்டர். முதல் பொட்டலத்தைப் பிரிக்கும்போது எனக்குக் கை நடுங்கிச்சு, சத்தியமா. பேப்பர் பூ மாதிரி வந்துடுச்சு! ஒரு எழுத்து ஒட்டலை. தக்காளி, பூசணி, வாழைத்தார், எல்லாம் நேத்து சுட்டாப்பல. நான் அங்கயே ஒரு குத்தாட்டம் போடாத குறைதான்.

அம்மா கத்தரிக்காய் ஒண்ணை எடுத்தாங்க. முகம் மாறிச்சு.

"ஏண்டி, இது என்ன இங்க் பாட்டில்ல முக்கி எடுத்தாப்பல?"

"நீதானேம்மா இன்னும் நீலம், இன்னும் நீலம்னே!"

"நானா?"

அப்புறம் அவங்களே ஒரு காரியம் பண்ணினாங்க. இடது கண்ணை மூடிக்கிட்டுக் காயைப் பாத்தாங்க. அப்புறம் வலது கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தாங்க. மறுபடியும் மாத்தி மாத்தி. குழந்தை மாதிரி சிரிப்பு வந்துடுச்சு அவங்களுக்கு. "இந்தக் கண்ணுக்குக் கத்தரிக்காய். இந்தக் கண்ணுக்கு நாவப்பழம்!"

விஷயம் இதுதான். புரை விழற கண்ணுல லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாகி, பழுப்பாகி, நீல வெளிச்சத்தை நிறையத் தடுத்துடும். நீலமும் ஊதாவும் மங்கிப்போகும். மெதுவா நடக்கறதால பாக்கறவங்களுக்கே தெரியாது. ஆபரேஷன்ல அந்த லென்ஸை எடுத்துட்டுப் புதுசு வெச்சதும், நீலம் எல்லாம் பளிச்சுனு திரும்பி வரும். ஆக, அன்னிக்கு அம்மா கேட்ட ஒவ்வொரு கடுகு நீலமும் அவங்க கண்ணுல காணாமப்போன நீலம்.

எனக்குச் சிரிப்பு வரலை. அடுப்புக்குள்ள 20 டிகிரி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க தெர்மாமீட்டர் வாங்கினேன். நெயில் பாலிஷ் ஏன் ஒட்டுதுன்னு மாசக்கணக்கா படிச்சேன். எதிர்ல உக்காந்து "மங்கலா இருக்கேடி, மங்கலா இருக்கேடி"ன்னு ஏழு தடவை சொன்ன அம்மாகிட்ட, "எதும்மா மங்கலா இருக்கு?"ன்னு ஒரு தடவை கேக்கலை. வில்லையைத்தான் மாத்திக்கிட்டே இருந்தேன்.

"எல்லாத்தையும் கொடு, மேல பழுப்பு அக்ரிலிக் மெல்லிசா ஒரு கோட் அடிச்சா சரியாயிடும்"னேன். அம்மா கொடுக்கலை. "அந்தக் கண்ணுக்கு அது சரியாத்தானே இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும். புதுசா நாலு பண்ணிக் கொடு"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரியே பையில இருந்த கிளேல, பழைய முதல் நம்பர் கலவையில நாலு உருட்டி, பக்கத்து வீட்டு ஓ.டி.ஜி.யில ஃபாயில் மூடிச் சுட்டேன். செட்டியார் கடையில இப்ப கத்தரிக்காய் ரெண்டு தட்டு. வந்தவங்க எல்லாம், "இது என்ன மாமி, புது ரகமா?"ன்னாங்க. "ஆமா, ஒண்ணு இடது கண்ணு, ஒண்ணு வலது கண்ணு"ன்னு அம்மா சொன்னது ஒருத்தருக்கும் புரியலை.

இடது கண்ணுக்கும் தேதி குறிச்சாச்சு. நான் லீவு சொல்லிட்டேன். அது முடிஞ்சதும், அந்தப் பழைய பன்னிரண்டையும் கத்தரிக்காய்னு சொல்ல வீட்டுல ஒரு கண்ணும் இருக்காது. இருந்தாலும் இந்த வருஷக் கொலுவுல அந்தத் தட்டும் வெக்கத்தான் போறோம். பேப்பர் ஒட்டாது, அதுக்கு நான் கேரண்டி.

கிளே பண்றவங்க யாராவது இருந்தா உங்க கலவை, நீங்க வாங்கின பல்பு எல்லாத்தையும் பின்னூட்டத்துல கொட்டுங்க. பண்ணாதவங்க? அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டு, கண்ணு எப்படி இருக்குன்னு கேளுங்க. நல்லாத்தான் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. இன்னொரு தடவை கேளுங்க.